ரீல்ஸ்ல வர்ற "நாளை லீவு" எந்த நாளைக்கு?

செல்லூர்_நூலகம்:
பிளஸ் 2, காலேஜ் பசங்களுக்கு நூலகத்துல ஒரு மணி நேர வகுப்பு வைக்கிறோம். மழை, லீவு, வைகைல தண்ணி, எல்லாமே அவங்களுக்கு ரீல்ஸ், ஷார்ட்ஸ்லதான். பழைய வீடியோவும் புதுசு மாதிரியே கலந்து வருது. ஏன் அப்படி வருது? அவங்களே கண்டுபிடிக்க என்ன சொல்லித் தரலாம்?

மாசிவீதி77:
அங்க தேதி வரிசையெல்லாம் கிடையாதுங்க. ஆளுங்க எதைத் தள்ளி விடாம கடைசி வரை பார்க்கிறாங்களோ அதைத்தான் ஆப் மேல தூக்கும். செவ்வாய் ராத்திரி போட்ட "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை" வெள்ளிக்கிழமை வரைக்கும் சுத்தும். அந்த "நாளை"தான் வில்லங்கமே.

ஷார்ட்ஸ்ல மூணு புள்ளியைத் தொட்டு விளக்கத்தைத் திறந்தா ஏத்துன தேதி இருக்கும். ரீல்ஸ்ல கேப்ஷனை விரிக்கணும். லீவு அறிவிப்புன்னா இன்னொண்ணும் பாருங்க: கலெக்டர் சில சமயம் ஒரு தாலுகாவுக்கு மட்டும், இல்ல பள்ளிக்கு மட்டும் விடுவார். அறிவிப்பு கார்டுல அது பொடி எழுத்துல இருக்கும், மாவட்டப் பேரு மட்டும் பெருசா இருக்கும்.

பாதிக்கிணறு:
அண்ணே, தேதி பார்க்கிறது பாதிக் கிணறுதான். பழசை டவுன்லோட் பண்ணி வேற கணக்குல ஏத்துனா இன்னைக்குத் தேதிதான் காட்டும். அதுக்கு, வீடியோவை நிறுத்தி கட்டடமோ பாலமோ தெளிவா தெரியிற ரெண்டு மூணு இடத்துல ஸ்கிரீன்ஷாட் எடுங்க. மேல ஒட்டுன எழுத்தை வெட்டிட்டு கூகுள் லென்ஸ்ல போடுங்க, அதே படம் முன்னாடி எங்க வந்திருக்குன்னு தேடும். வெட்டாம போட்டா லென்ஸ் அந்த எழுத்தையே பிடிச்சுக்கிட்டு தொங்கும். கடை போர்டு எழுத்து இடவலம் மாறி இருந்தா, அது திருப்பிப் போட்ட வீடியோ.

மதுரைல வைகை மேல இருக்கிற ஏ.வி. பாலத்துலருந்து எடுத்த வெள்ளமா? கரையைப் பாருங்க. சுவரும் கரையோர ரோடும் இல்லாட்டி அது ஸ்மார்ட் சிட்டி வேலைக்கு முந்தினது.

ஆண்டிபட்டி_கணவாய்:
அணை ரீலுக்கு எண்ணைக் கேட்கச் சொல்லுங்க. வைகை அணை மொத்தம் 71 அடி. 66 அடில முதல் எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவது. "5 மாவட்டத்துக்கு வெள்ள அபாயம்!"னு அலறுற ரீல் பெரும்பாலும் எந்த எச்சரிக்கைன்னு சொல்லாது. முதல் எச்சரிக்கைக்கும் மூணாவதுக்கும் நடுவுல 3 அடி இருக்கு. அடியும் இல்ல, எத்தனை கன அடி திறக்கிறாங்கன்னும் இல்லன்னா அது வெறும் அலப்பறை.

செல்லூர்_நூலகம்:
நன்றி. சில பசங்க ஊர்ச் செய்தின்னு அவங்களே ரீல் போடுறாங்க. அவங்களுக்கு?

மாசிவீதி77:
"நாளை", "இன்று" ரெண்டையும் விட்டுட்டு "புதன், 12ஆம் தேதி"ன்னு வாயாலயும் சொல்லணும். அதையே முதல் நொடிலருந்து கடைசி வரை திரைலயும் வைக்கணும். கீழ வச்சா கணக்குப் பேரும் கேப்ஷனும் மறைக்கும், வலது ஓரத்துல லைக் பட்டன் மறைக்கும். மேல் பக்கம், இடது பார்த்து, கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லுங்க. கேப்ஷன்ல மட்டும் தேதி போட்டா, எவனாவது எடுத்து மறுபடி ஏத்தும்போது அது அங்கயே தங்கிரும்.