வீட்டு டிரெய்னேஜ் பைப்புக்குள் கேமரா விட்டுப் பார்த்தவர்கள் உண்டா?

மாடிவீட்டுக்காரன்:
மூன்று வருஷமாகக் கீழ் பாத்ரூமில் நாற்றம். மழை பெய்தால் நஹானி டிராப்பில் (தரைத் தண்ணீர் இறங்கும் வளைவு) தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வரும். ராடு விட்டுக் குத்தினால் பத்து நாள் ஓடும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. நான்கு பிளம்பர் மாறியாச்சு. கடைசியில் வந்தவர் ஹால் தரையை உடைக்கச் சொன்னபோதுதான் கேமரா வைத்திருக்கும் பையனைக் கூப்பிட்டேன்.

பெரிய கேபிள் சுருள், முனையில் கட்டைவிரல் பருமனில் லென்ஸ், சுற்றிலும் குட்டி எல்இடி. வாசல் சேம்பரிலிருந்து (பைப்புகள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) தள்ளத் தள்ளத் திரையில் மீட்டர் ஏறுகிறது. 4, 5, 6... பைப் சுத்தமாகத்தான் இருந்தது. 7.2-இல் வெளுப்பாக ஏதோ. பையன் நிறுத்தி வெளிச்சத்தைக் கூட்டினான். சிமெண்ட் சாக்கு. "53" என்று அச்சடித்த சிமெண்ட் கிரேடு எண்ணைப் படிக்கவே முடிந்தது!

வேலை நடக்கும்போது ஜல்லி விழாமல் இருக்கக் கொத்தனார் பைப் வாயில் சாக்கைத் திணித்து வைப்பார் இல்லையா, அதுதான். எடுக்காமலே இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அது நகர்ந்து நகர்ந்து எல்போவில், அதாவது பைப் திரும்பும் வளைவில், மடங்கி உட்கார்ந்துவிட்டது. மாமனார் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம வீட்டுச் சாக்குதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பழையகை:
சாக்குக்கெல்லாம் கேமரா எதற்கு? மூங்கில் பிளாச்சு விட்டாலே கை சொல்லும். கல் என்றால் டக்கென்று நிற்கும். துணி என்றால் மெத்தென்று வாங்கிக்கொண்டு திருப்பித் தள்ளும். எங்கள் வீட்டில் 1984-இல் போட்ட ஸ்டோன்வேர் பைப், சுட்ட களிமண்ணில் செய்தது. பிளாச்சு நுனியில் தலைமுடி மாதிரி அரசமர வேர் சுற்றிக்கொண்டு வந்தது, தோண்டினோம், மாற்றினோம். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். 4 அங்குல பைப்புக்கு வாட்டம் (சரிவு) நாற்பதுக்கு ஒன்று, அதாவது 10 அடிக்கு 3 அங்குலம். புதுவீடு கட்டுகிறவர்கள் மண் மூடுவதற்கு முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பாருங்கள். குளோசெட்டிலிருந்து வரும் பைப்பைச் சேம்பருக்குள் இரண்டு எல்போ போட்டுத் திருப்ப விடாதீர்கள். அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள், டைல்ஸ் பூச்சும் மூட்டுச் சிமெண்டும் சேர்ந்து போகும். எந்த லைன் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் பக்கெட் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றி, எந்தச் சேம்பரில் நீலம் வருகிறது என்று பாருங்கள். செலவு இருபது ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு ஆளை இறக்கினால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவான், இப்போது எல்லாம் படம் காட்டுகிறார்கள்.

கொல்லைப்புறம்:
ஐயா, மற்றதெல்லாம் சரி. ஆளை இறக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம், வேலைக்கு வைத்த வீட்டுக்காரரும் மாட்டுவார். விஷவாயுவில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாததா?

பிளாச்சு எதையாவது தொட்டால்தானே கை சொல்லும்? எங்கள் வீட்டில் தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. சேம்பர் அடிக்கடி நிரம்பும், குத்தினால் ராடு வழவழவென்று போகும். கேமரா விட்டோம். 5 மீட்டர் தாண்டியதும் பைப்பின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. அதில் வேறொரு பைப்பின் வாய் தெரிகிறது, சுற்றிலும் சிமெண்டால் அப்பியிருக்கிறது. நாங்கள் போடவில்லை. இது என்ன என்று பேசிக்கொண்டிருக்கும்போதே, கண்ணெதிரே, அந்தப் பைப்பிலிருந்து கலங்கல் தண்ணீர். கூடவே சோற்றுப் பருக்கை, ஒரு கறிவேப்பிலை. கறிவேப்பிலை லென்ஸில் வந்து ஒட்டிக்கொண்டது, திரை முழுக்கப் பச்சை. எங்கள் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை.

ஸ்கார்பரோ_பொடியன்:
பழையகை அண்ணைக்கு: பிளாச்சில வந்தது வேரின் நுனி மட்டும்தான். நாங்கள் இங்கே கனடாவில் 1950களில் கட்டின வீடொன்று வாங்க முதல் கேமரா விட்டுப் பார்த்தோம், களிமண் குழாய். மூட்டுக்கு மூட்டு மேப்பிள் வேர் தாடி மாதிரித் தொங்கியது. ஒரு மூட்டென்றால் வெட்டிவிடலாம், இது வரிசையாக. வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தவர், ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டோம். சமையலறை நல்ல சமையலறை, மனைவி இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறா.

ஐந்துமீட்டர்:
நான் ஆன்லைனில் போனில் செருகும் கேமரா வாங்கினேன், 5 மீட்டர் வயர். நஹானி டிராப் வளைவைத் தாண்டவே இல்லை, டிராப் தண்ணீருக்குள் இருட்டும் ஒரு ஷாம்பு பாக்கெட்டும்தான் தெரிந்தன. இழுத்தால் கேமரா வரவில்லை. அதை எடுக்கப் பிளம்பரைக் கூப்பிட்டேன். பிளம்பர் சிரித்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

மாடிவீட்டுக்காரன்:
@ஐந்துமீட்டர் சேம்பர் பக்கமிருந்து விட்டிருந்தால் போயிருக்கும். இன்னொன்று, முதலில் ஜெட் (அழுத்தத் தண்ணீர்) அடித்துக் கழுவிவிட்டுத்தான் கேமரா. இல்லாவிட்டால் லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஒன்றும் தெரியாது. எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது, அதற்கும் காசு. பழையகை சொன்னதும் பொய்யில்லை, முதல் பிளம்பரே "மெத்தென்று இருக்கு சார்" என்றார். எங்களுக்குத்தான் புரியவில்லை. ஆனால் எந்த இடம் என்று அவரால் சொல்ல முடியவில்லையே. கேமரா முனையில் சிக்னல் விடும் கருவி இருக்கிறது. பையன் தரைக்கு மேலே ரிசீவரை நகர்த்தி, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டான். உடைத்தது இரண்டே டைல்ஸ்.

@கொல்லைப்புறம் பக்கத்து வீட்டில் கேட்டீர்களா?

கொல்லைப்புறம்:
வீடியோவைப் பென்டிரைவில் வாங்கி வைத்திருக்கிறேன். போன வாரம் போகலாம் என்று சட்டை மாட்டினேன், அதற்குள் அவர்களே தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். முடியட்டும். சொந்தக்காரர்கள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டார்கள், நேற்றிலிருந்து சேம்பர் மூடி ஈரமாக இருக்கிறது.