மறு: செயின்மெய்ல் நகைக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

சிறு உலோக வளையங்களை ஒன்றோடொன்று கோத்துப் பின்னும் முறைதான் செயின்மெய்ல். பழைய போர்க்கவசங்களில் இருந்த அந்தப் பின்னலில் செய்யும் நகைக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> சங்கிலிக்கவசம் என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, ரோமானியப் படைவீரன் அணிந்த லோரிகா ஹமாட்டா என்னும் வளையக் கவசத்துக்கு அது போதும். நான் பின்னுவது வெள்ளியில் காதணி. விலைச்சீட்டில் 'சங்கிலிக்கவசக் காதணி' என்று எழுதினால், காதுக்கு என்ன ஆபத்து என்றுதான் வாங்க வருபவர் கேட்பார்.

தவிர, இது சங்கிலியும் அன்று. சங்கிலியில் ஒரு வளையம் முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டைத்தான் பிடிக்கும். ஐரோப்பிய 'நாலுக்கு ஒன்று' பின்னலில் ஒவ்வொரு வளையமும் நான்கைக் கோத்துக்கொண்டு துணிபோல் பரவுகிறது. ஆங்கிலத்திலும் 'செயின்' பிற்காலத்து ஒட்டு. 'மெய்ல்' பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் 'மாக்குலா'விலிருந்து வந்தது. அதற்கு வலையின் கண் என்று பொருள்.

வலைக்கண்ணை நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்! அதனால் 'கண்ணிப்பின்னல்' என்பதை முன்வைக்கிறேன். சங்கிலியின் ஒற்றை வளையமும் கண்ணி. சங்கப் பாடல்களில் தலையில் சூடும் பூமாலையும் கண்ணி. நகைக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்காது.

> கண்ணி என்றதும் கண்ணிவெடிதான் நினைவுக்கு வருகிறது.

அம்மா, இதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். 'பின்னல்' சேர்ந்தால் வெடி விலகிவிடும் என்று நம்புகிறேன், அவ்வளவுதான்.

> வளையப்பின்னல்?

எளிமைதான். ஆனால் காதுவளையம், மூக்குவளையம் எல்லாம் இருக்கும் கடையில் குழப்பும்.

துணைச்சொற்களும் வேண்டும். ஐரோப்பியக் கவசங்களில் பெரும்பாலும் வளையத்தின் முனைகளைத் தட்டையாக்கி, துளையிட்டு, ஆணி வைத்துத் தறைந்தார்கள். நாங்கள் கம்பியைக் கோலில் சுற்றி, அறுத்து, இரண்டு குறடுகளால் முனையோடு முனை சேர்ப்பதோடு சரி. உருக்கி ஒட்டும் பற்றாசும் இல்லை, நெருப்பும் இல்லை. முன்னதைத் 'தறைகண்ணி' என்றும் பின்னதைப் 'பொருத்துகண்ணி' என்றும் சொல்லலாம்.

உள்விட்டத்தைக் கம்பித் தடிமனால் வகுத்தால் வருவது 'கண்ணி விகிதம்'. இந்தத் தொழிலின் உயிர்நாடி அதுதான். 1 மி.மீ. கம்பிக்கு 3.5 மி.மீ. உள்விட்டம் என்றால் பைசாந்தியம் என்னும் பின்னல் வகை கச்சிதமாக நிற்கும், 5 மி.மீ. என்றால் தொளதொளத்துவிடும். என் முதல் கைச்சங்கிலி அப்படித்தான் வடிவமிழந்து தொங்கியது.

ஒரு சிக்கல் மிச்சம். பைசாந்தியம் துணிபோல் விரியாது, கயிறுபோல் நீளும். தாலிக்கொடி, அரைஞாண்கொடி என்னும் வழக்கை ஒட்டி அதை மட்டும் 'கண்ணிக்கொடி' என்று பிரிக்கலாமா? பொற்கொல்லர் குடும்பத்தவர் யாரேனும் இங்கே இருந்தால், பட்டறையில் இதற்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். உண்டென்றால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.