வேதம் வாசிக்கிறேன், வாஞ்சைதான் இல்லை. என்ன செய்வது?

கேள்வி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் கொடுத்த ஒரு வருட பைபிள் வாசிப்பு அட்டவணைப்படி படித்து வருகிறேன். ஆதியாகமம் நன்றாகப் போனது, யாத்திராகமமும் பரவாயில்லை. பலி, சுத்திகரிப்புச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்துக்கு வந்ததும் கண் மட்டும் ஓடுகிறது, மனம் ஒட்டவில்லை. டிக் போட்டுவிட்டு மூடி வைக்கிறேன். போனை எடுக்க எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, வேதத்தை எடுக்க மட்டும் என்னை நானே இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. வசனம் தேனிலும் மதுரம் என்கிறாரே சங்கீதக்காரர், அந்த ருசி எனக்கு ஏன் வரவில்லை? வாஞ்சை வரும்வரை நிறுத்திவைக்கலாமா, இல்லை கடமைக்காவது தொடர வேண்டுமா?

பதில் 1:

நிறுத்தாதீர்கள் சிஸ்டர். அந்தத் தேன் வசனம் 119ஆம் சங்கீதத்தில் 103ஆவது. அதே சங்கீதத்தில் 25ஆம் வசனத்தைப் பாருங்கள், "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்கிறார். 36இல் தன் இருதயம் பொருளாசையின் பக்கம் போகாமல் உம்முடைய சாட்சிகளைச் சாரும்படி செய்யும் என்று கெஞ்சுகிறார், 18இல் என் கண்களைத் திறந்தருளும் என்கிறார். வேதத்தைப் பற்றி 176 வசனம் பாடின மனிதரே வாஞ்சையைக் கேட்டுத்தான் பெற்றுக்கொள்கிறார். நமக்கு அது தானாக ஊற வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? வாசிக்க உட்காரும்போது 18ஐயும் 36ஐயும் ஜெபமாகவே சொல்லுங்கள், வறண்ட நாளில் இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

பதில் 2:

என் கருத்து கொஞ்சம் வேறு. மொத்தம் 1189 அதிகாரம், வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் தினமும் மூன்று நான்கு ஓட்ட வேண்டும், அந்த ஓட்டத்தில் ருசி பார்க்க நேரம் எங்கே? அட்டவணையைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு ஒரு அதிகாரத்தோடு உட்காருங்கள். அதுவும் லேவியராகமத்தை விட்டு ஓடாமல், அங்கேயே.

12ஆம் அதிகாரக் கடைசியில், பிள்ளை பெற்ற தாய்க்கு ஆட்டுக்குட்டி கொடுக்கச் சக்தி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு போதும் என்று இருக்கிறது. அப்புறம் லூக்கா 2:24ஐத் திறந்து பாருங்கள். குழந்தை இயேசுவை எருசலேமுக்குக் கொண்டுபோனபோது மரியாளும் யோசேப்பும் செலுத்த வந்தது அந்த ஏழைகளின் காணிக்கைதான்! ஆண்டவர் எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தார் என்று லேவியராகமம் சொல்லித்தருகிறது. குஷ்டரோகியின் சுத்திகரிப்பைச் சொல்லும் 14ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டு மாற்கு 1ஆம் அதிகாரக் கடைசிக்குப் போங்கள், இயேசு தாம் குணமாக்கின குஷ்டரோகியை ஆசாரியனிடம் ஏன் அனுப்புகிறார் என்பது புரியும். பாவநிவாரண நாளின் பலியைச் சொல்லும் 16ஐ எபிரெயர் 9ஓடு சேர்த்து வாசியுங்கள். ஒரு தடவை இப்படிக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த நாள் யாரும் இழுக்க வேண்டியதில்லை.

பதில் 3:

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் 1841இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் ஜெபிக்கத்தான் உட்காருவாராம், மனம் வெகுநேரம் அலைந்துகொண்டே இருக்குமாம். பிறகு முதலில் வேதத்தைத் திறந்து, ஒவ்வொரு வசனத்திலும் தன் ஆத்துமாவுக்கு ஆகாரம் தேட ஆரம்பித்தார், அந்தத் தியானமே கொஞ்ச நேரத்தில் நன்றியாகவும் பாவ அறிக்கையாகவும் விண்ணப்பமாகவும் மாறிவிட்டதாம். பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்க அல்ல, தன் ஆத்துமாவுக்காக வாசித்தார் என்பதை கவனியுங்கள். டிக் போடுவதற்காக வாசித்தால் டிக் மட்டும்தான் கிடைக்கும்.

இன்னொன்று, ராத்திரி கடைசியாகப் போனைப் பார்த்துத் தூங்கி, காலையில் முதலில் போனையே எடுத்தால் வசனத்துக்குப் பசி எடுக்காது. போனை வேறு அறையில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:

ரொம்ப நன்றி. புறாக்குஞ்சு விஷயம் இத்தனை வருடம் சபையில் இருந்தும் எனக்குத் தெரியாது, இப்போதுதான் லூக்காவை எடுத்துப் பார்த்தேன். ஆனால் பிள்ளைகள் எழுந்துவிட்டால் தனிமை கிடைப்பதில்லை, அதற்கு என்ன செய்வது?

பதில் 1:

தனிமை இல்லாவிட்டால் பிள்ளைகளோடு சேர்ந்தே சத்தமாக வாசியுங்கள். நெகேமியா 8இல் ஆசாரியரான எஸ்றா காலை தொடங்கி மத்தியானம்வரை வேதத்தை வாசித்தபோது ஆண்கள், பெண்கள், கேட்டு அறியத்தக்க எல்லோருமே கூடி நின்றுதான் கேட்டார்கள். குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு இரண்டு வசனம் கொடுங்கள். ரூத் நான்கே அதிகாரம், சின்னவர்களுக்கும் கதை பிடிக்கும், அதில் ஆரம்பிக்கலாம்.