சன் கோரல் இரையே எடுக்கவில்லை, அவசரம்

தக்கலைத் தம்பி:
கடல்நீர் மீன்தொட்டிக்கு உயிருள்ள பவளம் வாங்கிப் பதினோரு நாளாகிறது. ஒரு தடவைகூட இரை எடுக்கவில்லை. தினமும் தீவனம் போடுகிறேன், அப்படியே உருண்டு கீழே விழுகிறது. மீனெல்லாம் நன்றாக இருக்கிறது. இதற்கு மட்டும் சதை ஒட்டிப்போய் ஓரத்தில் எலும்பு தெரிகிறது. பார்க்கப் பொறுக்கவில்லை. யாராவது சொல்லுங்கள்.

கோட்டாறு ரீஃப்:
என்ன பவளம்? தொட்டி எத்தனை லிட்டர்? என்ன தீவனம், எந்நேரம்? உப்பளவு எவ்வளவு?

தக்கலைத் தம்பி:
தலைப்பில் போட்டேனே அண்ணே, சன் கோரல். ஆரஞ்சு நிறம். 120 லிட்டர். மீனுக்குப் போடும் குருணைத் தீவனம்தான், காலையில் வேலைக்குப் போகும் முன்.

மார்த்தாண்டம் மீன்காரன்:
வேவ்மேக்கர் (தண்ணீரை ஓடவைக்கும் மோட்டார்) வேகம் கூடுதலாக இருக்கும். குறைத்துப் பாருங்கள். என் தொட்டியில் அதுதான் பிரச்சினை.

பவளப்பித்தன்:
வேகம் இல்லை. தம்பி, வாங்குமுன் கொஞ்சம் படித்திருக்க வேண்டும், இதை இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். மற்றப் பவளங்களுக்குள் பாசி இருக்கிறது, வெளிச்சத்தில் அது உணவு செய்து கொடுக்கும். சன் கோரலுக்கு அந்தப் பாசி கிடையாது. நீ ஊட்டினால்தான் சோறு. விரிவதும் பெரும்பாலும் இருட்டில்தான். காலையில் மூடிக்கிடக்கும் வாயில் குருணை போட்டால் எப்படித் தின்னும்?

விளக்கு அணைந்து அரை மணி கழித்து, உறைந்த மைசிஸை (இறால் போன்ற பொடி உயிர்) தொட்டித் தண்ணீரில் கரை. அந்தச் சாற்றை மட்டும் சிரிஞ்சில் எடுத்துப் பவளத்தின் பக்கத்தில் விட்டுவிட்டுக் காத்திரு. வாசனை பட்டால் உணர்விழைகளை நீட்டும். அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பாலிப்பாக (பவளத்தில் வாய் உள்ள சிறு உயிர்) மைசிஸை ஊட்டு. தொட்டியில் இருக்கும் இறால் திருடினால் பாட்டிலின் மேல்பாதியை வெட்டிப் பவளத்தின் மேல் கவிழ்த்து, பாட்டில் வாய் வழியாக ஊட்டு. முடிந்ததும் மோட்டாரைப் போட மறக்காதே. தினமும் ஒரே நேரத்தில் செய்தால் பழகிவிடும்.

குளச்சல் கரை:
அதெல்லாம் சரி மக்கா, இது கடலில் பறித்ததா? கல் பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, 2001 முதல். எங்கள் வலையில் ஏறினாலே திருப்பிக் கடலில் விடுகிறோம்.

மார்த்தாண்டம் மீன்காரன்:
சன் கோரல் பவளப்பாறை கட்டுகிற இனம் இல்லையே. அதற்குச் சட்டம் பொருந்தாது.

குளச்சல் கரை:
பாறை கட்டுகிறதா என்பது கேள்வியே இல்லை. ஸ்கிளராக்டினியா, அதாவது கல் பவளம், எல்லாம் என்று பட்டியலில் இருக்கிறது, இதுவும் அந்த வகைதான். கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பிக் கடலை மொட்டையடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தக்கலைத் தம்பி:
கடையில் வாங்கியது, வெளிநாட்டுச் சரக்கு என்றார்கள். காகிதம் கேட்கவில்லை. கேட்கிறேன் அண்ணே.

கோட்டாறு ரீஃப்:
கேளுங்கள், வனத்துறையிலும் விசாரித்துவிடுங்கள். ஆனால் அதுவரை இந்த உயிர் பட்டினி கிடக்கக் கூடாது. உப்பளவு இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே பிடித்தது?

தக்கலைத் தம்பி:
மணக்குடி, பாலத்துக்குப் பக்கம். போன வாரம் மழைக்கு அப்புறம் பாதித் தண்ணீர் மாற்றினேன். நண்பரின் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் இப்போது பார்த்தேன், அடர்த்தி 1.019.

கோட்டாறு ரீஃப்:
அதுதான்! பழையாறு கடலில் சேரும் இடம் அது. மழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் கலந்திருக்கும். மீன் தாங்கிக்கொள்ளும், பவளம் தாங்காது. 1.025 வேண்டும். ஒரே நாளில் ஏற்றாதீர்கள், நாளுக்கு 0.001 போதும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு நல்ல தண்ணீருக்குப் பதில் உப்புத்தண்ணீர் ஊற்றுங்கள், போதாவிட்டால் கொஞ்சம் மாற்றுங்கள்.

குளச்சல் கரை:
கடல்நீர்தான் வேண்டுமென்றால் கரையில் அள்ளாதே மக்கா. படகில் போகிறவர்களிடம் கேன் கொடுத்துவிடு, ஆழத்திலிருந்து கொண்டுவருவார்கள்.

பவளப்பித்தன்:
கடல்நீரே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் பவளத் தொட்டிக்கான ரீஃப் உப்புக் கலப்பதுதான் முறை.

குளச்சல் கரை:
அந்த மூட்டை உப்பின் விலை தெரியுமா? நல்ல கடல்நீர் வீட்டு வாசலில் கிடக்கும்போது...

(ஒன்பது நாள் கழித்து)

தக்கலைத் தம்பி:
1.025 வந்துவிட்டது. நேற்று ராத்திரி ஏழு பாலிப் மைசிஸ் பிடித்தது. மகள்தான் சிவப்பு டார்ச் அடித்தாள். அடியில் நான்கு இன்னும் விரியவில்லை. கடைக்காரர் காகிதம் தரவில்லை, நாளை வனத்துறை அலுவலகம் போகிறேன்.