களிமண்ணுக்கு நடுவே மணல் அடுக்கு: சுனாமியா, புயலா?

கேள்வி – பனங்காடு
தேவிபட்டினம் பக்கம் ஒரு தோப்பில் உறைகிணறு தோண்டுகிறார்கள். ஒன்றரை மீட்டர் ஆழத்தில், கருங்களிமண்ணுக்கு நடுவே 12 செ.மீ. வெள்ளை மணல். அதற்குள் சிப்பித் துண்டுகள், இரண்டு கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள். கடல் 600 மீட்டரில். இதைப் பழைய சுனாமி எனலாமா?

பதில் – மண்ணடுக்கு
ஒரே குழியை வைத்துச் சொல்ல முடியாது. கடற்கரையிலிருந்து நேராக உள்நோக்கி 50 மீட்டருக்கு ஒன்றாக, கையால் திருகும் ஆகரில் துளையிட்டுப் பாருங்கள். சுனாமி மணல் வெகுதூரம் விரிப்பாகப் பரவும். உள்ளே போகப் போக மெலிந்து பொடியாகும். அடிவிளிம்பு அரித்தெடுத்ததுபோல் இருக்கும், பிய்ந்த களிமண் கட்டிகள் மணலுக்குள் கிடக்கும். புயல் மணல் கரையோரம் தடித்துச் சட்டென்று முடியும், மெல்லிய வரிகள் நிறைய இருக்கும். இதற்கு விதிவிலக்குகளும் உண்டு.

இந்தக் கரையில் முதலில் புயலைத்தான் சந்தேகிக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல். 2004இல் இலங்கை மறைத்ததால் இங்கே நாகை அளவுக்கு அடி விழவில்லை.

சிப்பியை மட்டும் நம்பாதீர்கள். அழகன்குளம் அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. சங்கு அறுத்த ஊர்களில் கழிவு ஓடு எங்கும் கிடக்கும். 63 மைக்ரான் சல்லடையில் கழுவி ஃபோராமினிஃபெரா (ஓடுள்ள நுண்ணிய கடல் உயிரிகள்) பாருங்கள். ஆழ்கடல் இனம் இருந்தால் சுனாமி என்பது வழக்கமான வாதம். இந்தக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவே ஆழமற்றது, அதனால் அந்த இனம் இல்லாவிட்டாலும் சுனாமி இல்லை என்று ஆகிவிடாது.

பதில் – கரித்துண்டு
பானை ஓடு தரும் காலம் ஒருபக்க எல்லைதான்: மணல் அந்த ஓட்டுக்குப் பிந்தியது, அவ்வளவே. பழைய மேட்டை அலை அரித்து ஓட்டைக் கொண்டுவந்திருக்கலாம். கார்பன்-14 காலக்கணிப்புக்குச் சிப்பி கொடுக்காதீர்கள். கடல்நீரின் பழைய கார்பன் வயதைக் கூட்டிக் காட்டும். மணலுக்கு மேலும் கீழும் உள்ள களிமண்ணில் கரித்துண்டோ விதையோ எடுங்கள், நிகழ்வு அவ்விரண்டுக்கும் இடையில் அடங்கும். ஓஎஸ்எல் (மணல் கடைசியாக வெளிச்சம் பட்ட காலத்தைக் கணிக்கும் சோதனை) செய்வதானால் 5 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயைச் சுவரில் அடித்து இறக்கி, இரு முனையையும் கறுப்பு பாலித்தீனால் உடனே மூடுங்கள். வெயில் பட்டால் மாதிரி வீண். கலங்கிய வெள்ளத்தில் வந்த மணலுக்குப் போதிய வெளிச்சம் பட்டிருக்காது, அப்போதும் வயது கூடித்தான் வரும்.

பதில் – மண்ணடுக்கு
உறை இறக்குவதற்குள் சுவரைச் செதுக்கி, அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். ஊற்று வந்தால் முதலில் சரிவது அந்த மணல்தான். ஓடுகளைத் தேடி மேலும் தோண்ட வேண்டாம். கிடைத்த ஆழத்தைக் குறித்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.