ஸ்டார் ட்ரெக் ஜேனிஸ் ரேண்டின் கூடைப் பின்னல் கொண்டை: விக் கட்டுவது எப்படி?

நூல்கண்டு:
1966 ஸ்டார் ட்ரெக் தொடரில் கேப்டன் கர்க்குக்கு உதவியாளராக, அதாவது யோமனாக, வரும் ஜேனிஸ் ரேண்ட் வேஷம். சிவப்பு உடுப்பு பிரச்சினையில்லை, கொண்டைதான் தகராறு. தெர்மகோல் கூம்பில் ஸ்ப்ரே பசை அடித்தால் கூம்பே அரித்துக் குழி விழுகிறது. அடியில் வேறு என்ன வைக்கலாம்? எத்தனை முடிப்பட்டை தேவைப்படும்? கையில் தங்கப் பட்டி ஒன்றா இரண்டா? எந்த அத்தியாயத்தை நிறுத்திப் பார்த்தால் பின்னல் தெளிவாகத் தெரியும்?

கூடைமுடைச்சல்:
தெர்மகோல் பாலிஸ்டைரீன். பெரும்பாலான ஸ்ப்ரே பசைகளில் இருக்கும் கரைப்பான் அதைத் தின்றுவிடும், தெர்மகோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டு விற்பவை மட்டும்தான் விதிவிலக்கு. அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வலையைச் சுருட்டிக் கூம்பாக்குங்கள். ஊசி உள்ளே போகும், எடையும் இல்லை. அடி விட்டம் 16 செ.மீ., மேல் விட்டம் 8, உயரம் 16. இதற்கு மேல் உயர்த்தினால் தலை பின்னால் இழுக்கும்.

ரேண்டாக நடித்த கிரேஸ் லீ விட்னி அணிந்ததே இரண்டு விக்கைச் சேர்த்துப் பின்னியதுதான். நீங்களும் இரண்டு வாங்குங்கள். ஒன்று தலையில் படியும் அடி விக். மற்றொன்று 60 செ.மீ. முடி உள்ளது, வெட்டிப் பட்டை செய்ய.

முடியை நன்றாகச் சீவி, பிளாஸ்டிக் தாளில் 2.5 செ.மீ. அகலத்துக்குப் பரப்புங்கள். பின்பக்கம் மட்டும் ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து பூசி, அதே நிற நெட் துணியை ஒட்டி ஓர் இரவு காயவிடுங்கள். முன்பக்கம் பசை வழிந்தால் காய்ந்தபின் வெள்ளை பூத்துவிடும், மறைக்கவே முடியாது.

அப்புறம் ஒயர் கூடை கணக்குதான். அடிச்சுற்றளவு சுமார் 50 செ.மீ., ஆக 2.5 செ.மீ. அகலத்தில் 20 பாவு (கீழிருந்து மேலே போகும் பட்டை), ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம். ஊடையை (குறுக்கே பின்னும் பட்டையை) ஒவ்வொரு சுற்றிலும் தனி வளையமாக முடித்தால் பாவு இரட்டைப்படையில் இருக்க வேண்டும். ஒரே பட்டையாகச் சுற்றிக்கொண்டே ஏறினால் ஒற்றைப்படை. இதை மாற்றிப் போட்டால், வளையத்தில் இணைப்பு விழும் இடத்தில் பின்னல் தப்பும். சுற்றி ஏறுவதிலோ ஒவ்வொரு வரியும் கீழ்வரியைப் போலவே விழுந்து சதுரங்கக் கட்டமே வராது. இதற்கு வளையம்தான் நல்லது, இணைப்புகளை எல்லாம் பின்பக்கம் தள்ளிவிடலாம்.

பச்சைச்சட்டை:
கையில் பட்டி வேண்டவே வேண்டாம். தங்கப் பட்டி அதிகாரிகளுக்கு உரியது. ரேண்டின் கை வெறுமையாகத்தான் இருக்கும். கடையில் தைத்து விற்கும் சிவப்பு உடுப்புகள் பலவற்றில் பட்டி இருக்கும், பிரித்துவிடுங்கள். இடது மார்பில் அம்புமுனை வடிவச் சின்னம், உள்ளே சுருள் குறி. நட்சத்திரக் குறி கட்டளைப் பிரிவுக்கானது, அதை வாங்கிவிடாதீர்கள்.

துணி: முதல் இரண்டு பருவங்களில் சீருடைக்கு வெலூர், அதாவது வெல்வெட் போன்ற துணி. சலவைக்குப் போய் வந்தால் சுருங்கும், படப்பிடிப்பிலேயே அது பெரிய தலைவலி. மூன்றாம் பருவத்தில் நைலானுக்கு மாறினார்கள். ரேண்ட் முதல் பருவத்தோடு சரி, அதனால் வெலூர்தான் பொருத்தம். துவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

ரேண்ட் வருவது 8 அத்தியாயங்களில். அண்மைக் காட்சியில் நிறுத்திப் பார்த்துப் பிரயோஜனமில்லை. பெண்களின் முகத்துக்குக் கேமராவில் மென்மை வடிகட்டி போடுவது அந்தத் தொடரின் வழக்கம், முடியும் சேர்ந்தே மங்கிவிடும். இடுப்பளவு காட்சிகளைப் பாருங்கள். 'தி மேன் ட்ராப்'பில், விண்கப்பலை ஓட்டும் சுலுவுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவார், உப்புக் குப்பிக்காக ஒருவன் பின்தொடர்வான். அந்த நடைவழிக் காட்சி உதவும். 'சார்லி எக்ஸ்', 'தி எனிமி விதின்' இரண்டிலும் நேரம் நிறையக் கிடைக்கும். 'தி கான்ஷியன்ஸ் ஆஃப் தி கிங்' வேண்டாம், வசனமே இல்லாமல் கடந்து போவார். ரேண்ட் வரும் அத்தியாயங்களில் கடைசியாகப் படமானது அதுதான். ஆனால் ஒளிபரப்பில் அதற்கு அடுத்த வாரம், 1966 டிசம்பர் 15 அன்று, முன்பே படமான, ரேண்ட் வரும் 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' வந்தது. அதனால்தான் வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு அவர் எங்கே காணாமல் போனார் என்றே பிடிபடாது. தொடரும் ஒரு காரணமும் சொல்லவில்லை.

நூல்கண்டு:
நன்றி. காகிதப் பட்டையில் ஒத்திகை பார்த்தால், 20 பாவும் மேலே போகப் போக ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறதே?

கூடைமுடைச்சல்:
ஏறத்தான் செய்யும். மேல்சுற்றளவு 25 செ.மீ.தான். அடியில் 2.5 அகலம் உள்ள பாவு உச்சியில் 1.25 ஆகக் குறுக வேண்டும். பட்டை காய்ந்தபின் பின்பக்கம் அடையாளமிட்டு இரு ஓரத்தையும் சரிவாக வெட்டுங்கள். ஊடையையும் கூடவே ஒடுக்காவிட்டால் மேலே உள்ள கட்டங்கள் குட்டையும் நெட்டையுமாகத் தெரியும். கீழ்ச்சுற்று 2.5, உச்சிச் சுற்று 1.5 என்று படிப்படியாகக் குறைத்தால் 8 சுற்று வரும். பாவுக்கு 6 மீட்டர், ஊடைக்கு ஏறக்குறைய மூன்றேகால். முடி வீணாவதையும் சேர்த்துப் பத்து மீட்டர் பட்டை தயார் செய்யுங்கள்.

கீழ் விளிம்பை ஒட்டாதீர்கள், தைத்துவிடுங்கள். வியர்வை பட்டால் ஃபெவிகால் இளகும். ஹாட் க்ளூவும் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் கட்டி கட்டியாகப் பளபளக்கும். அடி விக்கின் உள்ளே 6 சீப்புக் கிளிப் தையுங்கள், அவற்றில் குறைந்தது இரண்டு பிடரிப் பக்கம் இருக்கட்டும்.

பச்சைச்சட்டை:
கையெழுத்துப் பலகையை மறந்துவிடாதீர்கள், கர்க்கிடம் அவர் நீட்டிக்கொண்டே இருப்பது அதுதான். மேல்முனை தடித்து, கீழ்முனை மெலிந்த ஆப்பு வடிவம். 5 மி.மீ. ஃபோம் பலகையில் பக்கங்களைச் சரிவாக வெட்டினால் போதும், கூடவே ஒரு எழுதுகோல். தடித்த பக்கத்தில் சிறு விளக்குகள். உள்ளே பேட்டரி வைப்பதானால் மூடியை ஒட்டிவிடாதீர்கள், காந்தம் வையுங்கள்.

கொண்டை சரிவரவில்லை என்றால் பிற்கால ரேண்டும் இருக்கிறார். 1979 படத்தில் டிரான்ஸ்போர்ட்டர் (ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நொடியில் அனுப்பும் கருவி) பொறுப்பு, 1991 படத்தில் சுலுவின் எக்ஸெல்சியர் கப்பலில் தொடர்பு அதிகாரி, 1996 வாயேஜர் தொடரின் 'ஃப்ளாஷ்பேக்' அத்தியாயத்திலும் அதே கப்பல். அங்கெல்லாம் கூடைப் பின்னல் கிடையாது. ஆனால் எக்ஸெல்சியர் உடுப்பு கனமான அரக்குநிறக் கோட்டு, அதன் தையல் கொண்டையைவிட மோசம்.