புதுப்பிப்பு: ரால்ஃபுக்குப் பெரியது மெகியா, பதவியா?

கொலீன் மெக்கல்லோவின் ‘தி தார்ன் பேர்ட்ஸ்’ (1977) நாவலைப் பற்றி எழுதியிருந்தேன். பாதிரியார் ரால்ஃப், தான் காதலித்த மெகியைவிடத் திருச்சபைப் பதவியைத்தான் நேசித்தார் என்பது என் வாதம். பதில்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. (படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லப்போகிறேன்.)

துறவியின் தவிப்பை இவ்வளவு நேர்மையாக யார் எழுதினார்கள் என்று ஒரு தரப்பு உருகுகிறது. மறு தரப்புக்கு முதல் சந்திப்பே தொண்டையில் சிக்குகிறது: அவர் வளர்ந்த ஆள், அவளோ சிறுமி. அந்த நெருடல் நியாயமானது, எனக்கும் உண்டு.

ஆனால் என்னை உறுத்துவது உயில்தான். மெகியின் பணக்கார அத்தை மேரி கார்சனின் புதிய உயில் ரால்ஃபின் கையில் இருக்கிறது. எரித்துவிட்டால் சொத்து மெகியின் குடும்பத்துக்கு. கொடுத்தால் திருச்சபைக்கு, அவருக்கும் உயர்வு. யோசிக்கிறார், தவிக்கிறார், அப்புறம் கொடுத்துவிடுகிறார். மெகி அவருக்கு எவ்வளவு பெரியவள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

“டேன் ரால்ஃபின் மகன் என்பதை மெகி மறைத்தது மட்டும் சரியா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியில்லைதான். ஆனால் திருச்சபையிடமிருந்து அவள் பறித்துக்கொண்ட ஒரே ஒரு பங்கு அது. அவளை என்னால் வெறுக்க முடியவில்லை.